தூக்கிப் பார்த்து வாங்கிய செட்

பெட்டி ஆட்டோவின் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்து கிடந்ததைச் சந்து முனையிலேயே பார்த்துவிட்டாள் பொன்செல்வி. மகேஷ்குமார் கடையில் அவள் பேசி வைத்துவிட்டு வந்த செட்டை ஏற்றியிருந்தால் ஆட்டோ இப்படி உட்காராது. அது இரண்டு பிளாஸ்டிக் ஸ்பீக்கர், இரண்டு ஸ்டாண்டு, கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகிற அளவில் ஓர் ஆம்ப்ளிபயர். மொத்தத்தையும் அவளே இரண்டு நடையில் கொண்டுவந்து போட்டுவிடுவாள். இது ஏதோ இரும்புக்கடைச் சரக்கு. காலையிலிருந்து நந்தன்கோட்டில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடிக்குச் செங்கல் சுமந்துவிட்டு, கழுத்து மரத்துப்போய், சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் இறங்கி வந்தவள் அந்த ஆட்டோவையே பார்த்துக்கொண்டு நடந்தாள். கிட்டே போகப் போக நடை மெதுவாயிற்று.

ஆட்டோவை ஒட்டி வன்னியராஜ் நின்றிருந்தான். டாக்டர் கொடுத்த இடுப்பு பெல்ட்டைச் சட்டைக்கு மேலேயே கட்டியிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னதுங்க இது?"

"ஜெர்மன்."

"நான் ஊரையா கேட்டேன்?"

அவன் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினான். அவள் இடுப்பு உயரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகள். மூலைக்கு மூலை இரும்புத் தகடு. நடுவில் ஒரு ஆம்ப்ளிபயர், அடுப்புக்கல் மாதிரி. திருகாணித் தலைகளில் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. கூட வந்திருந்த விழிஞ்ஞத்துக்காரன் அஜீஷ், சாமானை விற்ற ஓட்டல் முதலாளியின் மருமகன், ஆட்டோவின் பலகையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"சேச்சி, இது எம்பத்திமூணுல வெள்ளக்கார சாயிப்பு கப்பல்ல கொண்டுவந்த சாதனமாக்கும். எங்க ஓட்டல் டான்ஸ் ஹால்ல கெடந்தது. இன்னைக்கு இதுபோலொண்ணு வாங்கணும்னா லெச்சத்துக்கு மேல ஆகும், கேட்டோ."

"அப்புறம் ஏன் தம்பி எங்க தலைல கட்டுதிய?"

"ஓட்டலு அடுத்த ஆழ்ச்ச இடிச்சுப் பொளிக்குது சேச்சி. வைக்க இடமில்ல."

வன்னியராஜுக்கு அது காதில் விழவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து லேசாக ஓர் அழுத்து அழுத்தினான். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் ஆரியசாலைக் கடைத்தெருவில் சுமடு எடுத்த கை. சர்க்கரை மூடையைக் கைவைத்துப் பார்த்தே ஒன்றரைக் கிலோ குறைகிறது என்று சொல்லிவிடும். சொன்னால் தராசும் அதையே சொல்லும். முதலாளிமார் அவனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதில் அவனுக்கு ஒரு பெருமை. கனமாக இருந்தால் உள்ளே விஷயம் இருக்கிறது, கனமில்லாவிட்டால் எவனோ நடுவில் தின்றிருக்கிறான். உலகத்தைப் பற்றி அவன் தெரிந்து வைத்திருந்தது அவ்வளவுதான். மகேஷ்குமார் கடைக்குப் போன வாரம் இரண்டு பேரும் சேர்ந்து போனபோதும் அதே கூத்துதான் நடந்தது. அந்தப் பையன் பாட்டுப் போட்டுக் காட்டுகிறான், இவன் பாட்டைக் கேட்கவே இல்லை. ஆம்ப்ளிபயரை ஒரு பக்கமாகச் சரித்துப் பார்க்கிறான். "காத்தத் தூக்குன மாதிரி இருக்கு" என்றான். கடைக்காரன் விலை கூடின வேறொன்றை எடுத்து வைத்தான். அது கொஞ்சம் கனம். இவன் அதையும் சரித்தான். முகம் மாறியது.

"இத ஒண்ணு கழத்து."

"அண்ணாச்சி, கம்பெனி சீலு…"

"கழத்துலேன்னு சொல்லுதேன்."

கழற்றினால் உள்ளே தகட்டோடு சேர்த்து ஒரு சிமென்டுக் கட்டி ஒட்டியிருக்கிறது, புட்டுத் துண்டு மாதிரி. மகேஷ்குமார் வெட்கப்படவில்லை. "கஸ்டமர் கனம் கேக்காங்க அண்ணாச்சி. அதான் செய்யிதவன் வச்சு விடுதான். பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று சிரித்தான். பொன்செல்விக்கு அந்தப் பதில் நியாயமாகவே பட்டது. கட்டி இல்லாத மலிவான செட்டையே கொடு, ஒரு வருஷம் கியாரண்டி எழுதிக் கொடு என்று பேசி முடித்தாள். கடையை விட்டு இறங்கினதிலிருந்து வீடு வரைக்கும் வன்னியராஜ் சிமென்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அப்போதே அவள் சுதாரித்திருக்க வேண்டும். பணத்தை அவன் கையில் விட்டதுதான் தப்பு.

அது சாதாரணப் பணமில்லை. அவனுக்கு முதுகெலும்பில் டிஸ்க் தள்ளி, மெடிக்கல் காலேஜில் மூன்று மாதம் இழுத்துக் கட்டிப் போட்டு, இனிமேல் தண்ணிக்குடத்துக்கு மேல் ஒன்றும் தூக்கக் கூடாது, தூக்கினால் படுக்கைதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தொழிலாளிக் கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு சேமநிதியில் வந்தது அது. அதை வைத்து மைக்செட் வாடகைக்கு விடலாம் என்ற யோசனை பொன்செல்வியுடையது. சந்துக்குச் சந்து அசோசியேஷன், வாரத்துக்கு ஒரு வார்ஷிக விழா, ஓணம், கல்யாணம், கட்சிக் கூட்டம். உட்கார்ந்த இடத்தில் பட்டனைத் திருகுகிற வேலை, அவன் செய்யலாம். அவள் மனதில் இன்னொன்றும் இருந்தது, யாரிடமும் சொல்லாதது. இது ஓடினால் தலைச்சுமட்டை இறக்கி வைத்துவிடலாம். கழுத்தைத் திருப்பினால் இப்போதெல்லாம் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம் கேட்கிறது. நாற்பத்து மூன்று வயதில் இன்னும் எத்தனை மாடி ஏறுவது? முதல் ஏற்பாடும் வந்துவிட்டது. ரோடெல்லாம் பெண்கள் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிற ஆற்றுகால் பொங்கலைக்கு இந்தப் பகுதிப் பாட்டு முழுவதும் அவர்கள் செட்டில். நன்றாக நடந்தால் வருஷம் பூரா உங்களுக்கே தருகிறேன் என்று அசோசியேஷன் செக்ரட்டரி வாக்குக் கொடுத்திருந்தார்.

இப்போது அந்த வருஷம் பூராவும் பெட்டி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தது, இறக்க ஆளில்லாமல்.

சந்து முனையில் சாக்குக் கட்டுகளின் மேல் சுமட்டு யூனியனின் நீலச் சட்டைக்காரர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். வன்னியராஜ் அந்தப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினான். "லிங்கம், ஒரு கை குடுங்கலே."

குற்றாலலிங்கம் எழுந்து வந்தான். வன்னியராஜிடம் தொழில் படித்தவன். இப்போது அந்த ஏரியாவுக்கு அவன்தான் கன்வீனர். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். பிறகு கூலியைச் சொன்னான்.

"எனக்காலே?" என்றான் வன்னியராஜ்.

"அண்ணாச்சி, ஒங்க பேரு லிஸ்ட்ல வெட்டியாச்சுல்லா. இப்ப நீங்க கூலி குடுக்குற பார்ட்டி. பயலுவ முன்னால நான் என்ன செய்ய, சொல்லுங்க?"

பொன்செல்வி கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் சண்டை போடுவான், ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவனோ தலையை ஆட்டினான். கொஞ்சம் பெருமையோடுகூட ஆட்டினான். "செரிதான். ரூல்னா ரூலுதான்" என்றான். அவனும் இந்த ரூலை வைத்து வாழ்ந்தவன்தானே. இந்தச் சந்திலேயே தையல்காரி தங்கபாய் ஒருநாள் ஆட்டோவிலிருந்து தையல் மிஷினைத் தானே கட்டிப்பிடித்து இறக்கினாள். அப்போது பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டு, இறக்கி முடித்ததும் நோக்குக்கூலி கேட்டவன் இவன். தங்கள் ஏரியாவில் சரக்கை யார் இறக்கினாலும், நின்று பார்த்ததற்கு இவர்களுக்குக் கூலி. தங்கபாய் அழுதுகொண்டே கொடுத்தாள். அதற்கப்புறம் இன்றுவரை பொன்செல்விக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்ததில்லை. அவள் ரவிக்கை தைக்க அட்டக்குளங்கரை வரை நடக்க வேண்டியிருக்கிறது.

கூலி கொடுத்து இறக்கியாயிற்று. லைன் வீட்டின் ஒற்றை அறையில் இரண்டு பெட்டியும் ஆம்ப்ளிபயரும் நுழைந்ததும் கட்டில் வெளியே போக வேண்டியதாயிற்று. அஜீஷ் வயரை மாட்டி, சுவிட்சைப் போட்டான். விளக்கு மங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து சரோஜம், "ஏட்டி செல்வி, என்னத்தப் போட்டிய? மிக்ஸி நின்னுட்டு!" என்று கத்தினாள்.

"ஜெர்மன் போட்டிருக்கோம்!" என்று இவளும் கத்தினாள். "ஒங்க வீட்டு கரண்டையும் சேத்துக் குடிக்கும்!"

அஜீஷ் கையோடு கொண்டுவந்திருந்த சீடி பிளேயரை அதில் மாட்டி, ஒரு அம்மன் பாட்டைப் போட்டான்.

பொன்செல்வி திட்டுவதற்கு வாய் திறந்து வைத்திருந்தாள். அந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. கோயில்களிலும் கல்யாணங்களிலும் நூறு தடவை கேட்ட பாட்டு அது. எப்போதும் தகரத்தைப் போட்டு உருட்டுகிற மாதிரித்தான் கேட்டிருக்கிறாள். இப்போது பாடுகிறவள் அடுத்த அடி தொடங்குவதற்கு முன்னால் மூச்சு இழுப்பது கேட்டது. ஜால்ரா ஒரு பக்கம், தபேலா ஒரு பக்கம், தனித்தனியாக. சத்தம் பெரிதாக இருந்தது, ஆனால் காதில் குத்தவில்லை. வாசலில் சரோஜம் கையில் அரைத்த மாவோடு வந்து நின்றாள். திட்ட வந்தவள் திட்டாமல் நின்றாள். சந்தில் போய்க்கொண்டிருந்த சைக்கிள் ஒன்று நின்றது.

வன்னியராஜ் பாட்டைக் கேட்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் சொன்னது சரியாகப் போய்விட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கரகரவென்று இரைந்திருந்தால் ஆட்டோவைப் பிடித்து நிறுத்தித் திருப்பி ஏற்றியிருப்பாள், ஊரைக் கூட்டியிருப்பாள். இவ்வளவு நன்றாக இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு என்ன சண்டை போடுவது?

அஜீஷ் போன பிறகு, "எப்படி?" என்றான் வன்னியராஜ்.

"நல்லாத்தான் இருக்கு."

"பெறகு என்னட்டி?"

"இதத் தூக்குறது யாரு?"

"ஆள் விளிச்சாப் போச்சு."

"ஒவ்வொரு விசேசம், பரிபாடிக்கும் ஏத்த ஆளு, எறக்க ஆளு. வாடகை மொத்தமும் அந்த நீலச் சட்டைக்குத்தான் போவும். நமக்கு என்ன மிஞ்சும், பாட்டா? பெட்டி ஒண்ணு நாப்பது கிலோ இருக்குமா?"

"நாப்பத்திரெண்டு" என்றான் உடனே. அதிலும் பெருமை.

"நாப்பத்திரெண்டு! தண்ணிக்கொடம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்ன மனுசன், கடகடையாத் தேடிப் போயி, தமிழ்நாடு கேரளால உள்ளதுலயே கனமானதாப் பாத்து வாங்கிட்டு வந்திருக்கிய. ஒங்களுக்கு முதுகுதான் போச்சுன்னு நெனச்சேன்."

அவன் ஈரத் துணியால் திருகாணித் தலைகளின் உப்பைத் துடைக்க ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக, பொறுமையாக. அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிந்தது. இருபது வருஷத்தில் ஒரு தடவை வீட்டு அடுப்பை இப்படித் துடைத்திருப்பானா?

பொங்கலைக்கு முந்தின நாள் வெயில் சாயும் முன்பே செட் ஜங்ஷனில் பந்தலுக்குப் போய்ச் சேர வேண்டும். இருநூறு அடி தூரம்தான். ஆனால் ரோட்டில் வண்டி நுழைய வழியில்லை. காலையிலேயே கொல்லத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பெண்கள் வந்து இடம் பிடித்துவிட்டார்கள். ரோட்டின் இரண்டு ஓரமும் மூன்று மூன்று செங்கல்லாக அடுப்புகள். செங்கல்லின் மேல் சாக்குக்கட்டியால் எழுதின பேர்கள். நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குத்தான் பாதை. கைவண்டிகூடப் போகாது. தலையில்தான் போக வேண்டும்.

லாரி வராத நாள். நீலச் சட்டைகள் சாக்குக் கட்டின் மேல் சும்மா இருந்தார்கள்.

"லிங்கத்தக் கூப்பிடுதேன்" என்றான் வன்னியராஜ்.

"கூப்பிட்டீங்கன்னா நான் நந்தன்கோட்டுக்குப் பொறப்பட்டுப் போயிருவேன். நீங்களே பொங்கல வைங்க."

சும்மாட்டுத் துணியை எடுத்து உதறிச் சுருட்டினாள். சரோஜத்தையும் அவள் மகள் ரெம்யாவையும் கூப்பிட்டாள். ஆம்ப்ளிபயர் முதல் நடையில் போயிற்று. சரோஜமும் ரெம்யாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வழியெல்லாம் வைதுகொண்டே கொண்டுபோய்ப் பந்தலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து முதல் பெட்டியைத் தூக்கி அவள் தலையில் ஏற்றினார்கள். பன்னிரண்டு செங்கல் பழகின தலைதான். ஆனால் செங்கல் அடங்கி உட்காரும். இது அகலம், காற்றடித்தால் ஒரு பக்கம் இழுத்தது. கனம் முழுக்க முன்பக்கம். பெட்டியின் பின்னாலிருந்து தடித்த கறுப்பு வயர், கழற்ற முடியாதது, இருபது அடி நீளம் தரையில் விழுந்தது.

"அக்கா, நாங்க கூட வரட்டா?" என்றாள் ரெம்யா.

"வேண்டாம் மக்கா. அடுத்த பெட்டிய வாசலுக்கு எடுத்து வைங்க."

சந்து முனைக்கு வந்தபோது குற்றாலலிங்கம் எழுந்து நின்றான். மற்ற நான்கு பேரும் பின்னாலேயே எழுந்தார்கள். கைகளைக் கட்டிக்கொண்டார்கள். குற்றாலலிங்கம் அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் மூலைத் தகட்டைப் பார்த்துப் பேசினான்.

"மைனி, தப்பா நெனைக்கப்பிடாது. ஏரியா நம்ம ஏரியா. நோக்குக்கூலி மட்டும் குடுத்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

"செல்வி, குடுத்துருட்டி" என்றது பின்னாலிருந்து வன்னியராஜின் குரல். "ரூல்னா…"

அவள் நின்றாள். தலையைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் திருப்பினாள்.

"நோக்குறதுக்குத்தானே கூலி, லிங்கம்? நோக்கு. இந்தா நிக்கேன், நல்லா நோக்கிக்கோ. முன்னால இருந்து நோக்குனா ஒரு ரேட்டு, பின்னால இருந்து நோக்குனா ஒரு ரேட்டா?"

பயல்களில் ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"மைனி, நான் சொன்னது…"

"எனக்கு ஒரு சந்தேகம். ஒங்க அண்ணாச்சி அந்தா பின்னால நிக்காரு பாரு. அவரும் நோக்கிக்கிட்டுத்தான் வாராரு. ரெண்டு வாரமா நோக்குதாரு. அவருக்கும் சேத்து வாங்கிக் குடு. லிஸ்ட்ல திருப்பிச் சேத்துக்கோ. தூக்கத்தான் முடியாது, நோக்கலாம்லா?"

அடுப்புச் செங்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொன்செல்வி நடக்கத் தொடங்கினாள். கால் வைக்கிற இடத்தைப் பார்க்க முடியவில்லை. கால்விரலால் தடவித் தடவி, செங்கல் தட்டினால் விலகி. வயர் எங்காவது அடுப்பில் மாட்டி இழுத்தால் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த பிறகுதான் கவனித்தாள், வயர் தரையில் இழுபடவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் வந்தது. ஒரு காலை லேசாக இழுத்து வைக்கிற, அவளுக்குத் தெரிந்த சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது.

பந்தலுக்கு வந்து சேர்ந்தாள். மேடை அவள் நெஞ்சு உயரம். அங்கே வந்த பிறகுதான் புத்திக்கு எட்டியது. ரெம்யாவை வர வேண்டாம் என்று சொன்னாளே. சுமட்டைத் தலையில் ஏற்ற ஒரு கை வேண்டும் என்றால் இறக்கவும் ஒரு கை வேண்டும். இத்தனை வருஷம் சுமந்தவளுக்கு இது தெரியாதா? கோபத்தில் மறந்துபோயிருந்தாள். கமிட்டிக்காரர்கள் ஒருவரையும் காணோம். மேடையில் ஆம்ப்ளிபயர் மட்டும் இருந்தது. கழுத்தில் மணல் அரைபட்டது.

வயரைத் தோளில் போட்டுக்கொண்டு வன்னியராஜ் முன்னால் வந்தான். இரண்டு கையையும் தூக்கினான்.

"தொடாதீங்க."

"ஒரு நிமிசந்தான், சரிச்சு…"

"தொட்டீங்கன்னா கீழ போட்டுருவேன். சத்தியமாப் போட்டுருவேன். ஒங்க ஜெர்மனும் போவும், நானும் செங்கலுக்கே போறேன்."

அவன் கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. பிறகு இறங்கின. தூரத்தில், செங்கல் வரிசைகளுக்கு அந்தப் பக்கம், ஐந்து நீலச் சட்டைகள் கைகட்டி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன. அதில் ஒன்று கையை அவிழ்த்த மாதிரி இருந்தது. வெயிலில் சரியாகத் தெரியவில்லை. அவள் காலை அகட்டி ஊன்றி, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு நின்றாள். வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை. தலைமேல் பெட்டி, பெட்டியிலிருந்து வயர், வயரின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே அவன்.